கொங்கு நாட்டின் கதையைத் தேடிய கோனார்

திருச்செங்கோடு என்றால் மலையும் அர்த்தநாரீசுவரர் கோயிலும் நினைவுக்கு வரும். அந்த மலையடி ஊரிலேதான் கொங்கு நாட்டுக்குச் சரித்திரம் எழுதிய புலவர் ஒருவரும் வாழ்ந்தார். அவர் பெயர் தி. அ. முத்துசாமிக் கோனார். பிறந்தது 1858-ஆம் ஆண்டு. திருச்செங்கோடு அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-இல்தான்.

கொங்கு நாடு பல கை மாறிய நாடு. கங்கர் ஆண்டார்கள், சோழர் ஆண்டார்கள். பிறகு விஜயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூரார் என்று வந்தார்கள். 1792-இல் திப்பு சுல்தான் சேலம் சீமையைக் கும்பெனியாரிடம் விட்டுக் கொடுத்தார்.

இந்தக் கதையை ஜனங்கள் எங்கே போய்ப் படிப்பது? சேலம் ஜில்லாவைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரி லெபானு எழுதிய புத்தகம் 1883-இல் வந்தது. ரிச்சர்ட்ஸ் எழுதியது 1918-இல் வந்தது. இரண்டும் இங்கிலீஷ்! ஏர் பிடித்தவருக்கும் தறி நெய்தவருக்கும் அவற்றால் என்ன பயன்?

செல்லரித்த ஏடுகள்

தமிழில் இருந்ததெல்லாம் கோயில் சுவரிலும் செப்பேட்டிலும் ஓலைச் சுவடியிலும் கிடந்தது. கல்லாவது நிற்கும். ஓலையைச் செல் அரித்தால் பாட்டுப் போயிற்று. பாட்டோடு அதில் உள்ள ஆளும் ஊரும் போயிற்று.

விஜயமங்கலம் கார்மேகக் கவிஞர் பாடியது கொங்குமண்டல சதகம். சதகம் என்றால் நூறு பாட்டு. கொங்கு நாட்டு மலை, ஆறு, வள்ளல், புலவர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பாட்டோ நாலு அடி. அதற்குள் அடங்கிய கதை தெரியாதவருக்கு ஒன்றும் விளங்காது. கோனார் அதை உரையோடு 1923-இல் வெளியிட்டார். பாட்டின் கீழே கதையைச் சொன்னார். கல்வெட்டையும் பழம் பாடல்களையும் ஆதாரம் காட்டினார். அப்போது அவருக்கு வயது 65!

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் எந்த ஊர்க்காரர்? கொங்கு நாட்டு நிரம்பை என்று சொல்வது இந்தச் சதகம்தான். நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் கொங்கு நாட்டவர் என்று அது பாடுகிறது. இலக்கணம் படித்துத் தலையைச் சொறிந்த பிள்ளைகளுக்கு, அந்த முனிவர் பக்கத்து ஊர்க்காரர் என்றால் கொஞ்சம் ஆறுதல்தானே!

புகழ்ப் பாட்டில் மிகை இருக்கும். சதகம் சொல்வது எல்லாம் அப்படியே சரித்திரம் ஆகிவிடாது. எனினும் ஏடு கையில் இருந்தால்தானே சரி பார்க்கலாம்?

1934-இல் 'கொங்கு நாடு' என்ற அவருடைய புத்தகம் வெளிவந்தது. எழுபத்தாறு வயதில் எழுத்தை விடாதவர்கள் நம்மில் எத்தனை பேர்?

1944-இல் கோனார் காலமானார். 'கொங்குதேச ராஜாக்கள்' என்ற பழைய வரலாற்றுச் சுவடி ஒன்று சென்னையில் இருந்தது. அது அச்சேறி வந்தது 1950-இல். அதை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.