பிட்யூட்டரிக்கு உத்தரவு போடுவது யார்? விடை தேடிய ஜெஃப்ரி ஹாரிஸ்

தைராய்டு டெஸ்ட் எடுத்தவர்களுக்கு டி.எஸ்.ஹெச். என்ற பெயர் பரிச்சயமாக இருக்கும். அதைச் சுரப்பது மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி. தைராய்டு, அட்ரினல், சினைப்பை என்று எல்லாவற்றையும் மேய்க்கும் மேனேஜர். சரி, அந்த மேனேஜருக்கே உத்தரவு போடுவது யார்?

மூளைதான் என்று இன்று சட்டெனச் சொல்லிவிடுகிறோம். ஆனால், அதை நிரூபிக்க ஒருவர் கிட்டத்தட்ட வாழ்நாள் முழுக்கப் போராட வேண்டியிருந்தது. அவர்தான் ஜெஃப்ரி ஹாரிஸ்.

முயல் சொன்ன துப்பு

1913-ல் லண்டனில் பிறந்த ஹாரிஸ், கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தார். அப்போது அவர் கவனத்தை ஈர்த்தது முயல். பெண் முயலுக்கு மாதக் கணக்கெல்லாம் கிடையாது. இணை சேர்ந்து சுமார் 10 மணி நேரத்தில் கருமுட்டை வெளியாகும். அப்படியென்றால், உடல் உணர்ந்த செய்தி மூளை வழியாகத்தானே பிட்யூட்டரிக்குப் போக வேண்டும்?

மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார். இணை சேராமலேயே கருமுட்டை வெளியானது. 1937-ல் இந்த ஆய்வு வெளியானபோது அவருக்கு வயது 24-தான்.

நரம்பு இல்லை, அப்போ எப்படி?

இங்கேதான் சிக்கல். பிட்யூட்டரியின் முன்பகுதிக்கு மூளையிலிருந்து நரம்புகள் ஏறக்குறைய இல்லை. ஒயரே இல்லாமல் பல்பு எரிவது எப்படி?

ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் இணைக்கின்றன. ஹாரிஸும் ஜான் கிரீனும் மயக்கத்தில் இருந்த எலியில் மைக்ரோஸ்கோப் வழியாக அதைக் கவனித்தார்கள். ரத்தம் மூளையிலிருந்து பிட்யூட்டரியை நோக்கித்தான் ஓடியது. ஆக, மூளை ஏதோ ஒரு வேதிப்பொருளை இந்த ரத்தத்தில் கலந்து அனுப்புகிறது என்றார் ஹாரிஸ்.

ஒரே கேள்வியில் ஆட்டம் கண்ட கொள்கை

செல்வாக்கு மிக்க உடற்கூறியல் அறிஞர் சாலி சக்கர்மேன் இதை ஏற்கவில்லை. கீரியைப் போல இருக்கும் ஃபெரெட் என்ற விலங்கில் பிட்யூட்டரியின் காம்பை வெட்டினாலும் அது பருவத்துக்கு வருகிறதே என்று மடக்கினார். அது உண்மையானால் ஹாரிஸின் கொள்கை அவ்வளவுதான்.

ஹாரிஸ் விடவில்லை. வெட்டப்பட்ட ரத்தக் குழாய்கள் சில நாட்களிலேயே திரும்ப வளர்ந்துவிடுகின்றன என்று காட்டினார். நடுவில் ஒரு சிறு தகட்டைச் செருகி அந்த வளர்ச்சியைத் தடுத்தால், இனப்பெருக்கச் செயல்பாடு நின்றுபோனது.

1952-ல் டோரா யாக்கப்சோனுடன் செய்த சோதனை இன்னும் அழுத்தமானது. எலியின் பிட்யூட்டரியை அகற்றிவிட்டு, வேறொரு பிட்யூட்டரியை ஹைப்போதலாமஸுக்குக் கீழே பொருத்தினார்கள். அது வேலை செய்தது. சில எலிகள் சினையும் ஆயின. அதையே மூளையின் வேறு இடத்துக்கு அடியில் வைத்தால்? செயல்படவே இல்லை. சுரப்பி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, மூளையின் செய்தி வந்து சேர வேண்டும் என்பது உறுதியானது.

கைக்கு எட்டிய நேரத்தில்

அந்த வேதிப்பொருள் எது? 1962-ல் ஆக்ஸ்போர்டு பேராசிரியரான ஹாரிஸின் குழுவும் தேடியது. ஆனால், முந்தியவர்கள் அமெரிக்காவில் தனித்தனியாகப் போட்டி போட்ட ரோஜர் கீமனும் ஆண்ட்ரூ ஷாலியும்தான். லட்சக்கணக்கான ஆடு, பன்றிகளின் ஹைப்போதலாமஸைச் சேகரித்து, 1969-ல் முதல் பொருளின் அமைப்பைக் கண்டறிந்தார்கள். டி.எஸ்.ஹெச்.சைச் சுரக்கவைக்கும் அது, வெறும் 3 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டி பெப்டைடு!

கருமுட்டை வெளியாகக் காரணமான பெப்டைடின் அமைப்பு 1971-ல் தெரியவந்தது. அதில் 10 அமினோ அமிலங்கள். அதே ஆண்டு நவம்பரில், 58 வயதில் ஹாரிஸ் மறைந்தார். 1977-ல் கீமனுக்கும் ஷாலிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு தரப்படுவதில்லை.

இன்று ஐ.வி.எஃப். சிகிச்சையிலும், புராஸ்டேட் புற்றுநோய் மருத்துவத்திலும், மீன் குஞ்சுப் பண்ணைகளில் முட்டையிட வைக்கும் ஊசியிலும் பயன்படுவது அந்த 10 அமினோ அமிலப் பெப்டைடின் வழிவந்த மருந்துகளே. அடுத்த முறை ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச். அளவைப் பார்க்கும்போது, அதற்கும் மேலே ஒரு உத்தரவு இருப்பதைக் காட்டிக்கொடுத்த இந்த மனிதரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.