ஆப் காட்டும் கலோரி யாரோட கணக்கு?

சும்மா படுத்திருந்தாலே உடம்பு எரிக்கும் கலோரின்னு உங்க ஆப் ஒரு எண் காட்டுதா? அந்தக் கணக்கின் முன்னோடி பிரான்சிஸ் பெனடிக்ட்.

1870-ல் பிறந்த அமெரிக்கர். பாஸ்டன் ஊட்டச்சத்து ஆய்வகத்தை 30 வருஷம் நடத்தினார். மூச்சுக்காற்றை அளந்தார், யானையைக்கூட விடல! 1919-ல் ஹாரிஸோடு சேர்ந்து எடை, உயரம், வயசு வச்சு சூத்திரம் தந்தார். ஆனா அளந்தது அமெரிக்க உடம்புகளை.

பிறகு சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் எலினார் மேசன் தென்னிந்தியப் பெண்களை அளந்தார். எரியும் கலோரி அமெரிக்கக் கணக்கைவிடக் கணிசமாகக் குறைவு. 1931-ல் அந்த முடிவை மேசனோடு சேர்ந்து பெனடிக்டே வெளியிட்டார். 1957-ல் மறைந்தார்.

அதனால, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிள் மிதிச்சும், ஆப் சொன்ன அளவே சாப்பிட்டும் எடை குறையலையா? உங்களையே நொந்துக்காதீங்க. சில வாரம் எடையைக் குறிச்சு, அந்த எண்ணைத் திருத்துங்க. அவரே திருத்தினாரே!