ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள்

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-ஆம் வருஷம் வேளாளர் குலத்தில் ஜனித்த நாவலரவர்கள், உவெஸ்லியன் மிஷன் பாடசாலையில் உபாத்தியாயராயமர்ந்து, பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலும் உதவினார்கள். சம்பளத்தோடு கூடிய உத்தியோகத்தை விடுதல் எளிதன்றென்பதை நம்மிற் பலர் அறிவர். அவர்களோ 1848-இல் அதனைத் துறந்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஸ்தாபித்தார்கள். சமயபாடங் கற்பிக்க ஆசிரியர்களுக்கு எங்கே போவது? தம்மிடத்துப் பொருள் கொடாது கற்ற மாணாக்கரையே ஆசிரியராக்கினார்கள்.

அவ்வாசிரியர் கையிற் பிழையற்ற நூலில்லை. ஏட்டுப் பிரதிகளிற் பாடபேதங்கள் மலிந்திருந்தன. ஆதலால் 1849-இல் மாணாக்கர் சதாசிவப் பிள்ளையுடன் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி மீண்டார்கள். திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலரென்னும் பட்டம் ஈந்தது அவ்யாத்திரையிலேயாம். பின்னர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த நூல்களும், பாலபாடமும், சைவ வினாவிடையும் உபாத்தியாயர்க்குக் கருவிகளாயின.

1864-இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுந்தது. இல்லறம் புகாதிருந்த நாவலரவர்கள் 1879-இற் சிவபதமடைய, அவர்கள் பணியைச் சதாசிவப் பிள்ளை ஏற்று நடத்தினார்.