பார்வை இழந்த வானியலாளர்

மூடுபனி இறங்கிய காலையில் நம் காசிமேட்டுக் கரையில் நிற்பவருக்கு, வெளியே நங்கூரமிட்ட கப்பல் தெரியாது. ரேடாருக்குத் தெரியும். சனிக்கோளின் மூட்டம் சூழ்ந்த நிலவான டைட்டனையும் இப்படித்தான் பார்த்தது காசினி விண்கலம். தமிழில் காசினி என்றால் உலகம். இதுவோ ஒரு மனிதரின் பெயர்.

ஜொவான்னி தொமெனிகோ காசினி 1625-ல் இத்தாலியின் பெரினால்தோவில் பிறந்தார். இயேசு சபையினரிடம் கல்வி கற்றார். 1655-ல் பொலோஞ்ஞா நகரின் புனித பெத்ரோனியோ ஆலயத்தில், கூரைத் துளை வழியே தரையில் விழும் சூரிய வட்டத்தை அளக்க, ஏறத்தாழ 67 மீட்டர் நீளக் கோடு அமைத்தார். அந்த அளவுகள் கெப்ளரின் கணக்குக்கு வலுவூட்டின. கலிலேயோ மீதான விசாரணை முடிந்து 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்த ஆய்வோ கோவிலுக்குள்ளேயே நடந்தது!

1669-ல் பாரிஸ் சென்றவர், சனியின் நான்கு நிலவுகளையும் வளையங்களின் இடைவெளியையும் கண்டார். டைட்டனை அவருக்கு முன்பே, 1655-ல், ஹைகன்ஸ் கண்டிருந்தார்.

கண்ணை நம்பியே வாழ்ந்த காசினிக்கு 1711-ல் பார்வை போயிற்று. 1712 செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழாவன்று இறந்தார்.

1980-ல் டைட்டனை நெருங்கிய வாயேஜர்-1 எடுத்த படங்களில் ஆரஞ்சு நிற மூட்டமே தெரிந்தது. 2004-ல் சனியை அடைந்த காசினி, அகச்சிவப்புக் கருவியாலும் ரேடாராலும் அதை ஊடுருவியது. துருவத்தருகே மீத்தேன் ஏரிகளைக் காட்டியது. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் அதிலிருந்து ஹைகன்ஸ் கலம் பிரிந்தது. மறுநாள் நம் கரையைச் சுனாமி தாக்கியது. ஜனவரி 14 அன்று டைட்டனில் இறங்கிய ஹைகன்ஸ், உருண்டைப் பனிக்கட்டிக் கற்கள் சிதறிய தரையைப் படமெடுத்து அனுப்பியபோது, அதைப் பார்க்க இங்கே யாருக்கு மனம் இருந்தது?

2017 செப்டம்பர் 15 அன்று காசினி கலம் சனிக்குள் பாய்ந்து எரிந்தது.