கிச்சின் புனாகோஷி

இக்காலத்துக் கராத்தேச் சங்கத்தார் வார இறுதியில் ஒருங்கு கூடிப் பயிற்சியும், பட்டைக்குரிய தேர்வும், போட்டியும் நடத்துதலைக் காண்கின்றோம். இம்மூன்றனுள் முன்னிரண்டையும் பேணி, மூன்றாவதை விரும்பாத பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

கிச்சின் புனாகோஷி 1868ஆம் ஆண்டில் ஒகினாவாத் தீவிலுள்ள ஷூரி நகரிற் பிறந்தார். இளமையில் நலிந்த உடலினர். அசாத்தோ, இத்தோசு என்னும் ஆசிரியர் இருவரிடம் கராத்தே பயின்று வலிமை எய்தினார். பகலிற் பள்ளியாசிரியராய் உழைத்து, இரவிற் பயிற்சி செய்தார். ஒரு கட்டாவையே பன்முறை செய்து தேறிய பின்னரே அடுத்தது கற்பிக்கப்பட்டது.

1922இல் டோக்கியோவில் இக்கலையைக் காட்டி, அங்கேயே தங்கினார். ஜூடோவை நிறுவிய கானோவின் படிமுறையைத் தழுவி, 1924இல் மாணவர் சிலர்க்குக் கரும்பட்டை அளித்தார். 1945இல் அவரது பயிற்சிக்கூடம் போரில் எரிந்தது. மகன் ஒருவரும் அவ்வாண்டிலேயே இறந்தார். அவரோ கற்பித்தலை விட்டாரல்லர்.

போட்டி புகின் மாணவர் வெற்றியையே நாடிப் பண்பை மறப்பரென அவர் அஞ்சினார். 1957 ஏப்ரலில் அவர் மறைந்தார். அவர்தம் மாணாக்கர் அவ்வாண்டு அக்டோபரிலேயே அகில ஜப்பான் போட்டியை நடத்தினர்.

மாணாக்கரைப் பழித்தல் எம் கருத்தன்று. போட்டியால் இக்கலை உலகெங்கும் பரவிற்று. ஆயினும், தேர்வும் பரிசும் நாடிக் கற்கும் யாம், அம்முதியவரின் அச்சம் எம்மையும் நோக்கியதேயென உணர்கின்றோம்.