பெர்மிஷன் டினைட்: கலாம் கத்துக்கிட்ட பாடம்

ஷெல் ஸ்கிரிப்ட் ரன் பண்ணும்போது 'பெர்மிஷன் டினைட்'னு வந்தா என்ன பண்ணுவீங்க? உடனே சிஹெச்மாட் 777 அடிப்பீங்க, இல்லன்னா சூடோ போடுவீங்க. அதுக்கு முன்னாடி நம்ம ராமேஸ்வரத்துக்காரர் ஒருத்தரோட கதையைக் கேளுங்க.

1931 அக்டோபர் 15-ல் ஒரு படகுக்காரரின் மகனாகப் பிறந்தவர் அப்துல் கலாம். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப், சென்னை எம்.ஐ.டி. என்று படித்து, இஸ்ரோவில் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் திட்ட இயக்குநர் ஆனார்.

1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. ஏவ சில நிமிடங்களே இருந்தபோது கம்ப்யூட்டர் கவுன்ட்டவுனை நிறுத்தியது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. எரிபொருள் போதும் என்று நிபுணர்கள் சொல்ல, கலாம் கம்ப்யூட்டரை மீறி ஏவச் சொன்னார். முதல் நிலை நன்றாகவே போனது. இரண்டாம் நிலை தடுமாற, ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது.

பத்திரிகையாளர்கள் முன்னால் பழியை ஏற்றவர் தலைவர் சதீஷ் தவான். கலாமின் குழு கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது. 1980 ஜூலை 18-ல் ரோகிணி சுற்றுப்பாதையை அடைந்தது. அன்று பேட்டி கொடுக்கக் கலாமையே அனுப்பினார் தவான்.

2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது சரிந்தார் கலாம். இப்போது பேய்க்கரும்பில் உறங்குகிறார்.

அடுத்த தடவை எரர் வந்தா, முதல்ல எல்எஸ் -எல் போடுங்க. ஃபைல் யாரோடது, எக்ஸ் பிட் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா சிஹெச்மாட் யு+எக்ஸ் மட்டும் போதும். மெஷின் நிறுத்தினா, ஏன்னு கேட்டுட்டு அப்புறம் என்டர் தட்டுங்க.