ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட்

ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட் (ஜூன் 3, 1834 – ஜனவரி 23, 1893) ஆங்கிலேய நிலவியலாளரும் வானிலை ஆய்வாளரும் ஆவார். 1855 இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். அரியலூர் வட்டாரத்தின் கிரெத்தேசியக் காலப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகைப்படுத்தினார்.

1864 கல்கத்தா புயலும் 1866 ஒரிசா பஞ்சமும் நாடு தழுவிய வானிலைப் பதிவுகளின் தேவையை உணர்த்தின. 1875 இல் உருவான இந்திய வானிலை ஆய்வுத்துறைக்கு இவரே முதல் தலைவர். மாகாணங்கள் தனித்தனியே எடுத்துவந்த வெப்பநிலை, மழை அளவீடுகளை ஒரே முறைக்குள் கொணர்ந்தார். இமயமலைப் பனிக்கும் பருவமழைக் குறைவுக்கும் உள்ள தொடர்பை 1884 இல் விளக்கினார்.

இந்தியா வெப்பமடைந்து வருவதைக் காட்டுபவை இவர் ஒழுங்குபடுத்திய முறையில் வளர்ந்த அன்றாடப் பதிவுகளே. அரியலூர்த் தொகுதியின் சுண்ணாம்புக்கல் ரெட்டிபாளையம் முதலிய இடங்களில் சிமெண்ட் ஆகிறது. அதனைச் சுடும்போது வெளியேறும் கார்பன் டைஆக்சைடு புவி வெப்பமாதலின் காரணிகளுள் ஒன்றாகும்.